பந்தலுக்கடியில் மூச்சு விடுவது

ஓடைப்பட்டி,
புரட்டாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என் கண்ணு வேல்விழிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்பதற்கு முன்னால் நான் நலம் என்று சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடமாகக் கேட்கிறவர்களுக்கெல்லாம் பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை, இந்த முறை அது உண்மை, அதனால்தான் முதல் வரியிலேயே வந்து நிற்கிறது. உன் அப்பாவும் நலம். நீயும் அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, காலுக்கு உறை போட்டுக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இனி, அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். மாசிக் கடைசியில், கடைசி லாரியில் பழம் ஏற்றி அனுப்பிய அன்று, சின்னமனூர் சங்கரலிங்கம் நம் வீட்டுக்கு வந்தார். திராட்சைத் தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர், உனக்கும் பார்த்தால் தெரியும். அடுத்த காய்க் கவாத்திலிருந்து, புரட்டாசியில் கொடி வெட்டுவோமே அதிலிருந்து, மூன்று வருடத்துக்கு நம் மேலத் தோட்டம் கீழத் தோட்டம் இரண்டையும் கேட்டார். உன் அப்பா, இவளுக்குக் கையைத் தூக்க முடியல, வேலைக்கு ஆளும் அமைய மாட்டேங்குது, யோசிக்க வேண்டியதுதான் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நீ என்ன சொல்ற முனீசு என்று கேட்டார். நான், இந்தா காப்பி கொண்டு வர்றேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று சாயங்காலம் நீ போன் பண்ணினாய், தோள் எப்படிம்மா இருக்கு என்று கேட்டாய், பரவாயில்ல என்றேன். உன்னிடமும் சொல்லவில்லை. பிறகு தோட்டத்தைக் கொடுப்பதென்று அப்பாவே உனக்குச் சொன்னபோது நீ சந்தோஷப்பட்டாய், இனியாவது அம்மாவுக்கு ரெஸ்ட் கிடைக்கும் என்றாய். 

போனிலேயே சொல்லித் தொலைக்கலாமே என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான், ஒரு பக்கம் உன் அப்பா, ஒரு பக்கம் கொல்லையில் வேலை செய்கிறவர்கள், நீ ஜெர்மனியில், ஹனோவரில் தும்மினால் ஓடைப்பட்டித் தெருவே ஆயுசு சொல்கிறது. தாளில் எழுதினால் நீ ஒருத்திதான் படிப்பாய். தோட்டத்தைக் கொடுப்பதில் எனக்கு ஏன் மனமில்லை என்று எனக்கே வெகு நாள் தெளிவாகச் சொல்ல வரவில்லை. உனக்குத் தெரியும், நான் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. நூலகத்திலிருந்து எடுத்து வருகிற புத்தகத்தைப் பற்றிக்கூட யாரிடமும் பேசினதில்லை. படித்ததையெல்லாம் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று கொத்துக் கொத்தாகப் பிஞ்சு கழிக்கும்போதுதான் மறுபடி நினைத்துப் பார்ப்பேன். இலைக்கு நடுவே வருகிற அந்தப் பச்சை வெளிச்சத்தில் யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள். நிலம் உன் அப்பா பேரில் இருக்கிறது, அந்த வெளிச்சம் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை மூன்று வருடத்துக்கு இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து ரெஸ்ட் எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. நாற்பதுகூட ஆகவில்லை எனக்கு.

உன் அப்பாவைத் தப்பாக நினைத்துவிடாதே. அவருக்கும் தோட்டத்தைக் கொடுக்க ஆசை கிடையாது. தை மாதம் ஒரு நாள் காலையில் நான் கண்ணாடி முன் நின்று தலை பின்னக் கையைத் தூக்கினேன், காதுக்கு மேல் போகவில்லை, சீப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்தவர் வந்து சீப்பை வாங்கி அவரே பின்னிவிட்டார், மாட்டுக்குக் கயிறு முறுக்குகிற மாதிரி. அன்று முழுவதும் எனக்குப் புருவம் இறங்கவே இல்லை. அந்தப் பின்னலோடு நான் தோட்டத்துக்குப் போனதைப் பார்த்துதான் அவருக்குக் குத்தகை யோசனை வந்திருக்க வேண்டும். தேனியில் டாக்டரைப் பார்த்தோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, வருடக்கணக்காகக் கையை மேலே தூக்கியபடி கழுத்தைப் பின்னால் சாய்த்து வேலை செய்து ஒரு பக்கத் தசை இறுகிப்போய் மறுபக்கம் தளர்ந்துவிட்டது, இடுப்பு வலியும் அதனோடு சேர்ந்ததுதான் என்றார். மாத்திரை கொஞ்ச நாளைக்குத்தாம்மா, உடற்பயிற்சிதான் நிரந்தரம் என்றார். நாள் முழுக்கத் தோட்டத்தில் கிடக்கிறவளுக்கு எதற்கு உடற்பயிற்சி என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வேலை வேறு பயிற்சி வேறு என்று அப்போது தெரியாது. அவர்தான் உத்தமபாளையத்தில் விஜி என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாள், பெண்களுக்குப் பிலாட்டிஸ் வகுப்பு எடுக்கிறாள், போய்ப் பாருங்கள் என்றார்.

பிலாட்டிஸ் என்றதும் ஏதோ மருந்துப் பேர் என்று நினைத்தேன். தேடிப் படித்தால் அது ஒரு மனிதருடைய பேராம், நீ இப்போது இருக்கிற நாட்டில் பிறந்தவராம். சின்ன வயதில் சீக்காளியாக இருந்து, தானே யோசித்து உடம்பைத் தேற்றிக்கொண்டு, முதல் உலகப் போரில் இங்கிலாந்தில் ஒரு முகாமில் அடைபட்டுக் கிடந்தபோது கூட இருந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தாராம். நீ இங்கிருந்து அங்கே போக, அவர் அங்கிருந்து இங்கே வந்துவிட்டாரே என்று நினைத்தேன், அதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. தனியாகப் போகக் கூச்சமாக இருந்ததால் சோணையம்மாளைக் கூட்டிக்கொண்டேன். நம் தோட்டத்தில் எனக்கு அடுத்த வரிசையில் எப்போதும் நிற்பவள், அவளுக்கும் இடுப்புப் பிடிப்பு. எங்களைப் பார்த்து நம் தெருவில் இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள், எல்லாரும் பந்தலில் வேலை செய்கிறவர்கள். படுத்துக் கிடக்குறதுக்கு பஸ் ஏறிப் போறாகளாம் என்று டீக்கடையில் சிரித்தார்களாம். சோணையம்மாள் கடை வாசலிலேயே நின்று, ஆமப்பா, நீங்க இங்கன உக்காந்து கெடக்கீக, நாங்க அங்கன படுத்துக் கெடக்குறோம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

முதல் வகுப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் நீளமான ஹால், தெற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. விஜிக்கு முப்பது வயதுகூட இருக்காது, கம்பத்துப் பெண், கோட்டயத்தில் படித்தவள், அதனால் அவசரத்தில் மலையாளம் வந்து விழும். கண்ணாடிக்கு முன் நின்றுகொண்டு, எல்லாரும் என் பக்கம் காலை நீட்டி மல்லாக்கப் படுங்க, அப்பத்தான் தலையைத் தூக்கினா கண்ணாடியில உங்க உடம்பு தெரியும் என்றாள். ஒருத்தரும் படுக்கவில்லை. அவள் மறுபடி சொன்னாள். சோணையம்மாள் என் காதில், ஏத்தா முனீசு, வடக்க தலய வச்சுப் படுக்கச் சொல்லுதே இந்தப் புள்ள, நான் இன்னும் எம் மகனுக்கே கல்யாணம் முடிக்கலயே என்றாள். காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவள் சொல்வது கீழே மருந்துக் கடைக்கே கேட்கும். விஜி திகைத்துப்போய், சரி, கிழக்க தலை வைங்க என்றாள். பாயைக் குறுக்கே போட்டோம். இப்போது ரஹ்மத் எழுந்து நின்றுகொண்டாள். அவள் உத்தமபாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள், குனிந்து தைத்துத் தைத்துக் கழுத்து வலி. எங்களுக்கு மேக்க கால் நீட்டக் கூடாதுக்கா, தொழுகிற திசை என்றாள். குறுக்கே இடமும் இல்லை, சுவரில் கால் இடித்தது. மிச்சமிருந்தது ஒரே திசை. எல்லாரும் தெற்கே தலை வைத்துப் படுத்தோம், கண்ணாடி எங்கள் உச்சந்தலைக்குப் பின்னால் போய்விட்டது. விஜி வடக்குச் சுவர்ப் பக்கம் வந்து நின்று, இவ்வளவு செலவு பண்ணிக் கண்ணாடி மாட்டினேனே அக்கா என்றாள். பிறகு, சரி, கண்ணாடி வேண்டாம், கண்ணை மூடிக்கிட்டு உள்ளுக்குள்ள பாருங்க, இடுப்பு எங்க பாயைத் தொடுது எங்க தொடலன்னு பாருங்க என்றாள். நான் பார்த்தேன். என் இடுப்புக்கும் பாய்க்கும் நடுவே ஒரு பூனை படுக்கிற அளவு இடைவெளி இருந்தது. அதைச் சுமந்துகொண்டுதான் இத்தனை காலம் நடந்திருக்கிறேன், ஒரு நாளும் தெரிந்ததில்லை.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. மூச்சை விட்டுக்கிட்டே ரெண்டு கையையும் தலைக்கு மேல கொண்டு போங்க என்றாள். கொண்டு போனோம். நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்திவிட்டாள். ரஹ்மத்தைத் தவிர நம் ஊர்க்காரிகள் அத்தனை பேரும் கையைத் தூக்கின நொடியில் வாயை இறுக்கி மூடி, மூச்சை அடக்கி, பாதிக் கண்ணை மூடி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, நெஞ்சை முன்னால் தள்ளிவிட்டோமாம். எல்லாரும் ஒரே தப்பை ஒரே மாதிரி பண்றீங்களே, வீட்ல பேசி வச்சுக்கிட்டா வந்தீங்க என்று கேட்டாள். சோணையம்மாள் கண்ணைத் திறக்காமலே, மேலருந்து மருந்துத் தூளு விழும்ல டீச்சரு என்றாள். விஜி மேலே பார்த்துவிட்டு, மேல ஃபேன்தானேக்கா இருக்கு என்றாள். பாயில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்த சிரிப்பில் அன்றைய பயிற்சி முடிந்துபோனது. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. பந்தலில் கையைத் தூக்கினால் காய்ந்த மருந்தும் பட்டைத் தூளும் கண்ணில் வாயில் விழும், அதற்காக மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். ஒரு கொத்துக்கு ஒரு மூச்சு. பகல் முழுக்க அப்படி. கை மேலே போனாலே மூச்சை நிறுத்து என்று உடம்பு படித்துவைத்துக்கொண்டு, தலை பின்னும்போதும் பரணில் டப்பா எடுக்கும்போதும்கூட நிறுத்தியிருக்கிறது. மூச்சு நின்றால் விலா எலும்பு விரைத்துக்கொள்ளும், விலா விரைத்தால் தோள்பட்டை நகர இடமில்லாமல் கழுத்துக்கு ஏறும் என்று விஜி விளக்கினாள். எனக்கு வலி தோளில் இல்லை, மூச்சில் இருந்திருக்கிறது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை விஜி தானாகவே ஸ்கூட்டியில் நம் தோட்டத்துக்கு வந்தாள். நீங்க நிக்கிற மாதிரி நின்னு பாக்கணும்க்கா என்றாள். நெட்டைப் பெண், பந்தல் கம்பி தலையில் தட்டியது, முழங்காலை மடக்கிக்கொண்டு கையைத் தூக்கி என்னோடு கொஞ்ச தூரம் வந்தாள், வரிசை முடிவதற்குள் அம்மே என்று உட்கார்ந்துவிட்டாள். சோணையம்மாள் தண்ணீர் கொடுத்துவிட்டு, படுத்துச் செய்றதுதான் லேசு, என்ன டீச்சரு என்றாள். அதற்குப் பிறகு விஜி எங்களுக்கென்றே வகுப்பை மாற்றினாள். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு தாராளமாக மூச்சு விட வேண்டும், இது முதல் பாடம். கை மேலே போகும்போது மூச்சு வெளியே போக வேண்டும், விலா எலும்பு மெல்லக் கீழே இறங்க வேண்டும், தோள்பட்டை முதுகோடு வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இதை முதலில் படுத்துக்கொண்டு, பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, பிறகு சும்மா நின்று, கடைசியில் பந்தலில். அவசரப்பட்டால் பதுக்கெ பதுக்கெ என்பாள், மெதுவாக என்று மலையாளத்தில். இப்போது சோணையம்மாள் பஸ் டிரைவரிடமே பதுக்கெ பதுக்கெ என்கிறாள்.

நீ நர்ஸ் வேலை படிக்கிறவள், உனக்குப் புரியும் என்பதால் விவரமாக எழுதுகிறேன். ஆரம்பத்தில் இதெல்லாம் ஒரு பயிற்சியா என்றுதான் தோன்றும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மெல்லத் தூக்கி முதுகெலும்பை ஒவ்வொரு மணியாக இறக்குவது, தவழ்கிற பிள்ளை மாதிரி நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது, ஒருக்களித்துப் படுத்து மேல் காலை மட்டும் உயர்த்துவது, அவ்வளவுதான். ஆனால் வயிற்றின் அடியில் இருக்கிற தசையை முதலில் மெல்லச் சேர்த்துக்கொண்டு செய்ய வேண்டும், அதைச் சேர்த்ததும் அந்தச் சின்ன அசைவுக்கே கால் நடுங்கும், வேர்த்துக் கொட்டும். நடுக்கம் வந்தால் பயப்பட வேண்டாம், தூங்கின தசை முழிக்குது என்பாள். சுருக்கென்று குத்துகிற வலி வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட வேண்டும். சாப்பிட்ட உடனே செய்யக் கூடாது. வாரம் இரண்டு முறை வகுப்பு, மற்ற நாளில் வீட்டில் கொஞ்ச நேரம், நான் விடிகாலையில் உன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறேன். உடம்பு இளைத்துவிட்டேனா என்றால் இல்லை, என் ரவிக்கை அளவு அதேதான், இளைக்க வேண்டுமென்றால் நடக்கவும் வேண்டும் சோற்றைக் குறைக்கவும் வேண்டும் என்று விஜி முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆனால் நிமிர்ந்து நிற்கிறேன். நீ போட்டோவில் பார்த்தால் அம்மா வளர்ந்துவிட்டாள் என்பாய். ராத்திரி வலப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குகிறேன், அந்தப் பக்கம் திரும்பி வருடக்கணக்காகிறது. இன்னொன்றும் இருக்கிறது, இதற்காகத்தான் முக்கியமாகத் தாளில் எழுத நினைத்தேன். உன்னைப் பெற்றதிலிருந்து எனக்கு இருமினால் தும்மினால் கனமாக எதையாவது தூக்கினால் உள்ளாடை நனைந்துவிடும். பிள்ளை பெற்றவர்களுக்கு அப்படித்தான் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன், பஸ்ஸில் சிரிக்கக்கூடப் பயந்திருக்கிறேன். ஒரு நாள் வகுப்பில் விஜி அதைச் சாதாரணமாகக் கேட்டாள், யாருக்கெல்லாம் இந்தத் தொந்தரவு இருக்கு என்று. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் ஏறக்குறைய எல்லாரும் கையைத் தூக்கினோம். சோணையம்மாள் எழுந்து உட்கார்ந்து, அடிப் பாவிகளா, இத்தனை வருஷமா பக்கத்து வரிசையில நின்னோம், ஒருத்தியும் வாயத் தொறக்கலயே என்றாள். அந்த அடித்தசைக்கும் பயிற்சி உண்டு, செய்கிறேன், இப்போது மிகவும் குறைந்துவிட்டது. இப்போதெல்லாம் நான் பயமில்லாமல் சிரிக்கிறேன் கண்ணு. நீ நோயாளிகளைப் புரட்டித் தூக்குகிறவள், தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதே, விட்டுக்கொண்டே தூக்கு, வயிற்றைச் சேர்த்துக்கொள், வலி வருவதற்கு முன்னாலேயே அங்கே ஒரு வகுப்பில் சேர்ந்துவிடு.

உன் அப்பா இதையெல்லாம் முதலில் கண்டுகொள்ளவில்லை, போய்ட்டு வா என்றதோடு சரி. ஆடி மாதம் ஒரு நாள் நான் பரணிலிருந்து ஊறுகாய் ஜாடியை எடுத்ததைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்கு நடுவில் கையை நிறுத்திக்கொண்டார்.  இரண்டு நாள் கழித்து உன் அறைக்குள் ஏதோ சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன், தரையில் உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொண்டு பின்னால் உருண்டவர் எழுந்திருக்க முடியாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். காசு ஒண்ணு உருண்டு ஓடிருச்சு, தேடுறேன் என்றார். நானும் சரிங்க, தேடுங்க என்று வந்துவிட்டேன். ஆனால் குத்தகைப் பேச்சு மட்டும் நிற்கவில்லை. ஆவணி கடைசியில் சங்கரலிங்கம் ஆட்களைக் கூட்டிவந்து பந்தல் கல்லையும் கம்பியையும் பார்த்துவிட்டுப் போனார். மேலத் தோட்டத்து வரிசைகளில் பாதியைப் பிடுங்கிவிட்டு வேறு ரகம் வைப்பதாகச் சோணையம்மாளிடம் சொன்னாராம். நீ பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் நானும் அப்பாவும் நட்ட கொடிகள் அவை. அன்று ராத்திரி சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். சொல்லிவிட்டு நாளைக்கு மறுபடி கை தூக்க முடியாமல் போனால் என்ன செய்வது, அவரை ஏமாற்றினது போல் ஆகிவிடுமே என்று நின்றுவிட்டேன். வகுப்பில் தூக்கினால் போதுமா, கவாத்துக் கத்தரியைப் பிடித்துக்கொண்டு பந்தலில் தூக்க வேண்டுமே. அது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இன்றைக்குக் காலையில் தெரிந்துவிட்டது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன், கை பரபரவென்று ஓடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நேற்று விடியும்போது யாரிடமும் சொல்லாமல் கத்தரியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். மேலத் தோட்டத்து ஓர வரிசையில், எப்படியும் வெட்ட வேண்டியிருந்த பட்டுப்போன கொடிகளாகப் பார்த்து ஆரம்பித்தேன். மூக்கில் துண்டு. மூச்சை விட்டுக்கொண்டே கை மேலே, ஒரு வெட்டு, கையை இறக்கி மூச்சு உள்ளே. முதலில் கணக்குப் பண்ணிக்கொண்டு செய்தேன், எந்த இடத்தில் கணக்கு விட்டுப்போனது என்று தெரியவில்லை, நிமிர்ந்து பார்த்தபோது வரிசைக் கடைசியில் நின்றேன், மலை உச்சியிலிருந்து காலை வெயில் அடிவாரம் வரை இறங்கியிருந்தது. எதைப் பற்றியோ யோசித்துக்கொண்டே வந்திருக்கிறேன், அதுதான் எனக்கு ஆச்சரியம், வலியைத் தவிர வேறொன்றை நினைத்துக்கொண்டு ஒரு வரிசை முடித்து எவ்வளவு காலமாகிறது. ஆனாலும் சந்தோஷப்படவில்லை, மறுநாள் காலையில்தான் எனக்கு எப்போதும் வலி வரும். இன்று காலையில் எழுந்து பயத்தோடு கையைத் தூக்கினேன். மேல் கை கொஞ்சம் கனத்தது, வேலை செய்த கனம், அவ்வளவுதான். தோள் அதன் இடத்தில் இருந்தது. கழுத்து திரும்பியது. நானே தலை பின்னிக்கொண்டு, பிரித்துவிட்டு, மறுபடி ஒரு தடவை பின்னினேன். முழுத் தோட்டத்தையும் நான் ஒருத்தியே பார்த்துவிடுவேன் என்று சொல்லவில்லை கண்ணு, அப்படி இனி முடியாது, அரை நாள் கவாத்து அரை நாள் ஓய்வு என்றுதான் செய்ய முடியும், பூங்கொத்தை மருந்தில் முக்குகிற நாட்களுக்கு ஆள் வேண்டும், சோணையம்மாளும் அவளோடு வகுப்புக்கு வருகிறவர்களும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் செய்ய முடியும்.

நாளைக் காலை சங்கரலிங்கம் பத்திரம் எழுத வருகிறார். நாளைக்கு நான் சொல்லப் போகிறேன். அவர் முன்னாலேயே, உன் அப்பா முன்னாலேயே, கொடுக்க வேண்டாம் என்று. கையைத் தூக்குவதை விஜி சொல்லிக்கொடுத்துவிட்டாள், இதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது போலிருக்கிறது. அப்பா ஒத்துக்கொள்வாரா, வாக்குக் கொடுத்தாயிற்று என்பாரா என்று தெரியவில்லை. எப்படி ஆனாலும் நீ அப்பாவிடம் எனக்காகப் பேச வேண்டாம், அவர் மீது கோபப்படவும் வேண்டாம், இது நான் சொல்ல வேண்டியது. நீ படிப்பை மட்டும் பார். லீவு எடுத்துக்கொண்டு வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று போன மாதம் சொன்னாயே, அந்த எண்ணத்தை விட்டுவிடு, வருவதானால் என்னைப் பார்க்க வா, பார்த்துக்கொள்ள வராதே. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி டியூட்டி முடித்துத் தனியாக நடந்து வராதே, வீட்டுச் சாவியை இரண்டு பேரிடம் கொடுத்து வை. கம்பளிச் சட்டைக்கு அளவு அனுப்பு என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன், இன்னும் அனுப்பவில்லை, மறக்காதே. உடம்பும் மனசும் திடமாக இருந்து, எடுத்த படிப்பை முடித்து, பேரோடு நீ வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம்.

என்றும் உன் நலம் விரும்பும்
அம்மா,
முனீஸ்வரி.

பின்குறிப்பு, புதன்கிழமை: தபாலில் சேர்ப்பதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். திங்கட்கிழமை சங்கரலிங்கம் வந்தார். குத்தகைக்குக் கொடுக்க வேண்டாம், நானே செய்கிறேன் என்று சொன்னேன். உன் அப்பா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல முனீசு, நான் உனக்காகத்தான கொடுக்கப் போனேன் என்றார். சங்கரலிங்கத்துக்கு வருத்தம்தான், அப்பாவைப் பார்த்து, வார்த்தை மாறிட்டீகளே செல்லப்பாண்டி என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கீழத் தோட்டத்தை மட்டும் ஒரு வருடத்துக்கு அவருக்கு விடுவதென்று மறுநாள் அப்பா போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தார். மேலத் தோட்டத்தில் இன்று கவாத்து ஆரம்பித்தோம். மத்தியானம் வரை வெட்டினேன்.